வேட்டி கட்டிய அம்மா பேரில் ஒரு பிஸ்கட்

ஆண்டு மலருக்குக் குழுவுக்கு ஒரு பக்கம் எழுதித் தரணும் என்று சொன்னார்கள். எங்கள் குழுவில் கணக்குப் புத்தகம் என் கையில் இருப்பதால், எழுதுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. ஒரு பக்கத்துக்குள் அடக்கப் பார்த்தேன், அடங்கவில்லை. மலர்க்குழு மன்னிக்கணும்.

கண்காட்சியில் கடை போடும்போதெல்லாம் எங்களிடம் கேட்கப்படுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுப்பார்கள். மேலே ஒரு படம் இருக்கும். கிராப்புத் தலை, அரைக்கை சட்டை, வேட்டி. யாரும்மா இந்தத் தாத்தா என்று கேட்பார்கள். தாத்தா இல்லீங்க, அம்மா என்று சொல்வோம். சிரிப்பார்கள். பேரைப் படித்துவிட்டு, ஓ, பெரியார் வீட்டு மணியம்மையா என்று அடுத்த கேள்வி வரும். அவங்க வேற, இவங்க வேற. இவங்க மணலூர் மணியம்மை. நம்ம கீழைத் தஞ்சையிலேயே வாழ்ந்து, இங்கேயே செத்தவங்க. கடையில் கூட்டம் நிற்கும்போது அதற்கு மேல் விளக்கிச் சொல்ல நேரம் இருக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிஸ்கட் வந்த கதை. எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். எட்டுப் பேர் எங்கள் காலனித் தெரு, நாலு பேர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. ஒரே குழுவாக இருப்பது எங்கள் ஊருக்கே புதுசு. சேமிப்பு, உள்கடன், சுழல்நிதி என்று எல்லாக் குழுவும் நடந்த பாதையில்தான் நாங்களும் நடந்தோம். வங்கிக் கடன் வந்தபோது ஆடு வாங்கலாம் என்று ஆறு பேர், தையல் மிஷின் என்று நாலு பேர். கடைசியில் பயிற்சிக்குப் போய்வந்த இரண்டு பேர் பிடிவாதமாக நின்று அவன் வாங்க வைத்தார்கள். காலனியில் இருந்த காலி வீடு ஒன்றில் வாடகைக்கு அடுப்பைப் போட்டோம். கேக், உப்பு பிஸ்கட், தேங்காய் பன். பள்ளிக்கூட வாசலிலும் டீக்கடையிலும் நன்றாகவே ஓடியது.

அப்போதுதான் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. ஊருக்குள் ஒரு வீட்டில் வளைகாப்பு. பத்துக் கிலோ பிஸ்கட், நூறு கப் கேக். முன்பணமும் கொடுத்தார்கள். ராத்திரி முழுக்க முழித்துச் செய்தோம். விடியற்காலம் ஃபோன் வருகிறது: வேண்டாம், முன்பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது. அடுப்பு எந்தத் தெருவில் எரிகிறது என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த நூறு கப் கேக்கையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எங்களில் ஒருத்தியும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அடுத்த வாரக் கூட்டத்தில் ஒருத்தரும் வாயே திறக்கவில்லை. சேமிப்புப் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அப்போது எங்கள் ஊக்குநரின் மகள், திருச்சியில் படிக்கிற பெண், லீவுக்கு வந்திருந்தவள், ஒரு கதை சொல்லவா என்று கேட்டாள். அமெரிக்கக் கதை. பேர் ஜார்ஜியா கில்மோர். கறுப்பினத்துப் பெண். அலபாமா மாநிலத்தில் மான்ட்கோமரி என்கிற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரி. ஆறு பிள்ளைகளுக்குத் தாய்.

அந்த ஊர் பஸ்ஸில் கறுப்பர்கள் முன்னால் ஏறி டிக்கெட் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்பக்க வாசல் வழியாக ஏற வேண்டுமாம். 1955 அக்டோபரில் ஜார்ஜியா அப்படி இறங்கிப் பின்பக்கம் போவதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். காசு போச்சு, பஸ்ஸும் போச்சு. இனி இந்த பஸ்ஸில் ஏறுவதில்லை என்று அவர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். டிசம்பரில் ரோசா பார்க்ஸ் கைதானதும் ஊரே அந்த முடிவுக்கு வந்தது. 381 நாள். அத்தனை நாளும் கறுப்பு மக்கள் பஸ்ஸில் ஏறவில்லை. நடந்தார்கள், கார்களைப் பகிர்ந்துகொண்டார்கள். காருக்கு பெட்ரோல் போடப் பணம் வேண்டுமே? ஜார்ஜியா பெண்களைச் சேர்த்தார். பையும் கேக்கும் சுட்டு, வறுத்த கோழி வைத்த ரொட்டி செய்து, அழகு நிலையத்திலும் சலவைக் கடையிலும் வீட்டு வாசல்களிலும் விற்றார்கள். வாங்கினவர்களில் வெள்ளைக்காரர்களும் உண்டு. பணத்தைப் போராட்டக் கூட்டத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால், எங்கேயிருந்தும் இல்லை என்பது பதில். சுட்டவள் பேர் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் குழுவுக்கே அப்படித்தான் பேர் வைத்திருந்தார்கள்: எங்குமில்லாக் குழு.

1956 மார்ச்சில் மார்ட்டின் லூதர் கிங் மேல் வழக்கு நடந்தபோது ஜார்ஜியா கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னார். வேலை போய்விட்டது. கிங் கொடுத்த தைரியத்திலும் உதவியிலும் வீட்டிலேயே சமைத்து விற்க ஆரம்பித்தார். பிறகு அந்தச் சமையலறையில்தான் கிங்கும் மற்ற தலைவர்களும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பேசி முடிவெடுத்தார்கள். மகனைப் பூங்காவில் அடித்தார்கள் என்று நகராட்சி மேலேயே வழக்குப் போட்டு ஜெயித்தவர். 1990 மார்ச்சில், ஒரு பழைய போராட்ட நடையின் 25ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறவர்களுக்காக விடியற்காலம் எழுந்து சமைத்துக்கொண்டிருந்தபோது உடம்புக்கு முடியாமல் போய் இறந்துவிட்டார். செய்து வைத்திருந்த சாப்பாட்டைத்தான் சாவுக்கு வந்தவர்கள் சாப்பிட்டார்களாம்.

அந்தப் பெண் சொல்லி முடித்ததும், குழுவிலேயே வயசில் மூத்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் எங்களுக்குள் வந்த கேள்வி வேறு. ஜார்ஜியா விற்ற பண்டத்தை வெள்ளைக்காரர்கள் வாங்கினார்கள், எங்கே சுட்டது என்று தெரியாததால் வாங்கினார்கள். நாமும் தெருப் பேரை மறைத்து விற்கலாமா? பாக்கெட்டில் ஊர்ப் பேர் மட்டும் போடலாமா? எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. அமெரிக்காவில் மறைச்சாங்கன்னா வேலை போயிடும்னு மறைச்சாங்க. நமக்கு என்ன வேலை போகப் போகுது? நம்ம அடுப்பு நம்ம தெருவுலதான் எரியுது, இருக்கட்டும். வேணும்னா நம்ம பக்கம் இந்த மாதிரி யாராவது இருந்தா அவங்க பேரைப் போடு என்றாள்.

யார் இருக்கிறார்கள் என்று யோசித்தோம். எனக்கு என் அப்பாயி ஞாபகம் வந்தது. சின்ன வயசில் அப்பாயி பக்கத்தில் படுத்துக்கொள்ளும்போது பண்ணைக் கதை சொல்லும். கோழி கூப்பிடுகிறதுக்கு முன்னாடி வயலில் இறங்கணும். நேரமாச்சுன்னா சவுக்கடி. எதிர்த்துப் பேசினா சாணிப்பால். மாட்டுச் சாணியைத் தண்ணியில் கரைச்சு, வாயைப் பிடிச்சு ஊத்துவாங்க. ஆம்பளைங்க வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டக் கூடாது. பிள்ளை பெத்தவ வரப்புல தூளியில் கிடக்கிற குழந்தை அழுதாலும் ஏறிப் போய்ப் பால் கொடுக்க முடியாது. இந்தக் கதைக்கு நடுவில் வேட்டி கட்டின அம்மா ஒருத்தர் வருவார். ஐயர் வீட்டு அம்மாதான், ஆனா ஆம்பளை மாதிரி முடி வெட்டி, சட்டை போட்டிருப்பாங்க, நம்ம தெருவுக்குள்ள வருவாங்க என்று அப்பாயி சொல்லும். சின்னப் பிள்ளையில் அது ராஜா ராணிக் கதை மாதிரி ஒரு கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதை இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டதும், உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தார். எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் எழுதிய பாதையில் பதிந்த அடிகள். 1991இல் வந்த நாவல். மணியம்மையின் வாழ்க்கையை வைத்து எழுதியது. புத்தகத்தை நாங்கள் பன்னிரண்டு பேரும் முறை வைத்துப் படித்தோம். படிக்கத் தெரியாத இரண்டு பேருக்கு அவன் முன்னால் உட்கார்ந்து மற்றவர்கள் படித்துச் சொன்னோம். இரண்டு டிரே பன் கருகிப் போனது அந்த வாரத்தில்தான். நாவல் நாவல்தான் என்பதால், ஆசிரியரிடமும் பழைய சங்கத்துக்காரர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

மணியம்மை பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாமே தஞ்சாவூர் ஜில்லா. அந்தக் காலத்து வழக்கப்படி சின்னப் பெண்ணாக இருக்கும்போதே கல்யாணம். நாகப்பட்டினத்து வக்கீல் ஒருவருக்கு இரண்டாம் தாரம். வக்கீல் வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் இளம் வயதிலேயே அவர் இறந்துபோக, மணியம்மை விதவையாக மணலூருக்குத் திரும்பி வந்தார்.

அந்தக் காலத்தில் பிராமண வீட்டு விதவை என்றால் என்ன என்பதை இன்றைக்கு இருக்கிற பெண் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். தலையை மழித்துவிடுவார்கள். ஒரே புடவை, ரவிக்கை கிடையாது. நல்ல காரியத்தில் எதிரே வரக் கூடாது. ஒரு வேளைச் சோறு. வெங்காயம், பூண்டு ஆகாது. கடைப் பண்டம் வாயில் படக் கூடாது. அடுப்படியும் கொல்லைப்புறமும்தான் உலகம். எங்கள் பாட்டிமாருக்கு வயலில் அடி, அங்கே அடுப்படியில் சிறை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டு நெல்லும் எங்கள் ஆட்கள் அடித்த நெல்தான். ஆனாலும் அவரும் கட்டுக்குள் இருந்தவர்தான்.

மணலூரில் குடும்பத்து நிலத்தின் வெள்ளாமையைத் தானே நேரில் நின்று பார்க்க ஆரம்பித்தார். ஒரு விதவை வரப்பில் வந்து நிற்பதே ஊருக்கு அபசகுனம். அவர் நின்றார். நின்றதால்தான் கண்ணால் பார்த்தார். யார் நடுகிறார்கள், யார் அறுக்கிறார்கள், களத்தில் நெல் மலையாகக் குவிந்தபின் அறுத்தவன் கைக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்தார். வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் பத்தாயத்துக்கு நெல் வந்து சேருவது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

காந்தியின் இயக்கம் அவரை இழுத்தது. கதர் உடுத்தினார், காங்கிரசில் வேலை செய்தார். அதே காலத்தில் விதவைக் கோலத்தைத் தூக்கி எறிந்தார். மொட்டைத் தலைக்குப் பதில் கிராப்பு. புடவைக்குப் பதில் வேட்டி, அரைக்கை சட்டை, மேலே துண்டு. சிலம்பம் கற்றுக்கொண்டார். ஊர் ஊராக ராத்திரி பகல் பார்க்காமல் போகிற பெண்ணுக்கு அது தேவைப்பட்டது. எங்கள் ஆட்கள் வேட்டியை இறக்கிக் கட்டினால் உதை விழுந்த ஜில்லாவில், அக்கிரகாரத்துப் பெண் ஒருத்தி வேட்டி கட்டி நடந்தால் எப்படிப் பார்த்திருப்பார்கள்! உறவுக்காரர்கள் ஒதுக்கினார்கள். சொந்தக் குடும்பத்தின் பகையையும் சம்பாதித்தார். சேரிக்குள் போய் வந்தவர் எங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது என்றார்கள். அவர் சேரிக்குள் போவதை நிறுத்தவில்லை. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்.

ஜில்லா காங்கிரசிலேயே மிராசுதாரர்கள் உட்கார்ந்திருந்தபோது, பண்ணையாள் கூலியைப் பற்றி அங்கே பேசி என்ன ஆகப் போகிறது? மணியம்மை அங்கிருந்து நகர்ந்து கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தார். அது விவசாயிகள் சங்கம் இந்த ஜில்லாவில் வேர் விடுகிற காலம். கர்நாடகத்திலிருந்து வந்த பி. சீனிவாசராவ் 1943இல் மன்னார்குடி பக்கம் தென்பரையில் கொடி ஏற்றியதும், அது ஊர் ஊராகப் பரவியதும் உங்களில் பலருக்கும் தாத்தா சொல்லித் தெரிந்திருக்கும். சீனிவாசராவ் பேர் திருத்துறைப்பூண்டியில் இன்றும் இருக்கிறது. மணியம்மை பேர் அந்த அளவுக்கு நிற்கவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். அவர் வயல் ஆட்களிடம் மட்டும் வேலை செய்தவரும் இல்லை. நாகப்பட்டினம் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களிடையே சங்கம் கட்டியதிலும் அவர் கை உண்டு.

சங்கம் கேட்டது என்ன தெரியுமா? சவுக்கடி கூடாது. சாணிப்பால் கூடாது. கூலியைக் கூட்டிக் கொடு. அதோடு இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: முத்திரை மரக்கால். கூலி நெல்லாகத்தான் கொடுப்பார்கள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அளந்து போடுகிறது பண்ணையின் மரக்கால். வாங்கும்போது ஒன்று, கொடுக்கும்போது ஒன்று. கொடுக்கிற மரக்கால் சின்னது. வாய் அதே அகலம் இருக்கும், அடிக்கட்டை உள்ளே ஏறியிருக்கும் என்று அப்பாயி சொல்லும். கேட்க முடியாது. அதனால் சர்க்கார் முத்திரை குத்திய மரக்காலில்தான் அளக்கணும் என்பது ஒரு கோரிக்கையாகவே இருந்தது. இன்றைக்கு நினைத்தால் சின்ன விஷயம். ஆனால் மரக்காலில் ஒரு பிடி குறைந்தால், வீட்டில் ஒரு பிள்ளைக்கு ராத்திரிக் கஞ்சி குறையும்.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் இது தீரவில்லை. 1948க்குப் பிறகு கம்யூனிஸ்டுகள் மேல் பெரிய அடக்குமுறை வந்தது. மணியம்மையும் சிறைக்குப் போனார். வேட்டி கட்டிய அந்த அம்மா வெளியே வந்தபோது உடம்பு தேய்ந்திருந்தது. ஆனால் வேலையை விடவில்லை. 1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசாங்கம் ஒரு அவசரச் சட்டம் போட்டது. தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று அதே வருஷம் அது சட்டமும் ஆனது. இஷ்டத்துக்குப் பண்ணையாளை வெளியேற்றக் கூடாது, இவ்வளவு கூலி கொடுக்கணும் என்று காகிதத்திலாவது எழுதினார்கள். அதைப் பார்க்க அவர் இருந்தார் என்பது எனக்கு ஆறுதல்.

அடுத்த வருஷம், 1953இல், பூந்தாழங்குடியில் இறந்தார். வியாதியில்லை, போலீஸ் துப்பாக்கியும் இல்லை. கொம்பு மான் ஒன்று முட்டிச் செத்தார். புத்தகத்தில் அந்த இடம் வந்தபோது படித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். புலியோ பாம்போ என்றால் நம்பலாம், மான் முட்டுமா என்று எல்லோரும் கேட்டோம். கொம்பு வளர்ந்த ஆண் மான் முட்டும். தானாக முட்டியதா, ஏவிவிட்டார்களா என்கிற பேச்சு அன்றைக்கே உண்டு. யாரிடம் எவ்வளவு பகை சம்பாதித்திருந்தார் என்பது அந்தப் பேச்சிலேயே தெரிகிறது.

அவர் இறந்து பதினைந்து வருஷம் கழித்து, 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட ஆட்களின் குடும்பங்கள் குடிசையோடு கொளுத்தப்பட்டன. 44 பேர். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். மரக்கால் சண்டை மணியம்மையோடு முடிந்துவிடவில்லை.

சரி, பிஸ்கட்டுக்கு வருகிறேன்.

பேர் வைப்பது சுலபமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். மூன்று கூட்டம் சண்டை. முதலில் கோபப்பட்ட அதே பெண் இப்போதும் கோபப்பட்டாள். ஐயர் வீட்டு அம்மா பேரை ஏன் போடணும்? சாணிப்பால் குடிச்சது நம்ம பாட்டிங்க. அடி வாங்கினது நம்ம பாட்டிங்க. அவங்க பேர் எந்தப் பாக்கெட்டில் வரும் என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. நியாயமான கேள்வி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி வேறு மாதிரி தயங்கினாள். கட்சிக்காரங்க பேர் போட்டா மத்த கட்சிக்காரன் வாங்குவானா, வியாபாரம் பாருங்கடி என்றாள். அதுவும் பொய்யில்லை. மூத்த அக்கா கடைசியில் சொன்னார். நம்ம பாட்டிங்களுக்குத் தப்பிச்சுப் போக வழி இல்லை, அதனால நின்னாங்க. இந்த அம்மாவுக்கு வழி இருந்துச்சு, வீட்டுக்குள்ள போய்ச் சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கலாம். போகல. நம்ம அடுப்புல சுட்டதை வேணாம்னு திருப்பி அனுப்புற காலத்துல, நம்ம வீட்டு வாசலுக்கு வந்தவ பேரை வைக்கிறதுல தப்பில்ல.

கோபக்காரப் பெண் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் பாக்கெட்டின் முன்பக்கம் மணியம்மை, பின்பக்கம் ஒரு வரி: பண்ணையாளாக இருந்த எங்கள் அப்பாயி, அம்மாயிகளுக்கு. பின்பக்கத்து வரியை எழுதியவள் அவள்தான். முகவரியில் காலனித் தெரு என்று முழுசாகவே போட்டோம்.

மாவு மாப்பிள்ளைச் சம்பா. இந்த மண்ணின் நெல்லில் செய்யணும் என்று ஆசை. ஆசைப்பட்டதற்கு மாவு எங்களைப் படுத்திய பாடு! அரிசி மாவில் கோதுமை மாதிரி ஒட்டுப் பிடிப்பு கிடையாது. முதல் மூன்று டிரேயும் கையில் எடுத்ததும் மணலாக உதிர்ந்தது. டீக்கடைக்காரர் தூளைக் கிலோ கணக்கில் கேட்டு வாங்கிப் பாலில் போட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தார், அது தனி லாபம். பிறகு பழக்கம் வந்தது. அரிசியைக் கழுவி, ஊற வைத்து, நிழலில் உலர்த்தி அரைக்கணும். மாவை லேசாக, நிறம் மாறாமல் வறுக்கணும். மூன்று பங்குக்கு இரண்டு பங்கு கோதுமை மாவு சேர்க்கணும். நெய்யையும் நாட்டுச் சர்க்கரையையும் வெளுக்கத் தேய்த்த பிறகுதான் மாவு. ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. பிசைந்ததை அரை மணி நேரம் மூடி வைக்கணும், அரிசி மாவு ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும். அவனிலிருந்து எடுக்கும்போது மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே வைத்தால் போச்சு. ஆறினால் தானாக இறுகும். அச்சு எங்கள் ஊர்த் தச்சர் செய்து கொடுத்தார். மரக்கால் உருவம். அடி நேராக, உள்ளே ஏறாமல் இருக்கணும் என்று சொல்லிச் செய்யச் சொன்னோம். அவருக்குப் புரியவில்லை, சிரித்துக்கொண்டே செய்தார்.

வளைகாப்பு வீட்டிலிருந்து பிறகு ஆர்டர் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. வேறு வீடுகளிலிருந்து வருகிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து நாலு பேரும் இப்போது அவன் வீட்டிலேயே மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். முதல் வருஷம் தூக்குவாளியில் கொண்டுவந்து தனியாக உட்கார்ந்தவர்கள்தான். எப்போது மாறியது என்று எனக்கே நாள் சொல்லத் தெரியாது.

கடைசியாக ஒரு கணக்கு. பாக்கெட்டில் 250 கிராம் என்று அச்சடித்திருக்கிறோம். ஆனால் முதல் நாளிலிருந்தே மூத்த அக்கா தராசில் 260 வைத்துத்தான் கட்டுகிறார். கணக்கு எழுதுகிற எனக்கு இது கண்ணில் குத்திக்கொண்டே இருந்தது. மாசம் நானூறு பாக்கெட் என்றால் நாலு கிலோ சும்மா போகிறது. பதினாறு பாக்கெட். பாக்கெட் அறுபது ரூபாய், ஆக 960 ரூபாய். கடன் தவணை கட்டுகிற வாரத்தில் அந்த 960க்கு எவ்வளவு அலைகிறோம் என்று எனக்குத்தான் தெரியும். போன மாசக் கூட்டத்தில் பொருள் வைத்தேன். மெஷின் தராசு இருக்கு, சர்க்கார் முத்திரை இருக்கு, 250 என்றால் 250 போடுவோம், அதுவும் நேர்மைதானே என்று கேட்டேன். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. எங்க அப்பன் வாழ்நாள் பூரா வாங்கின மரக்காலில் எவ்வளவு குறைஞ்சுச்சுன்னு யாராவது கணக்கு எழுதினீங்களா என்று மட்டும் கேட்டார்.

கை தூக்கச் சொன்னோம். எட்டுக்கு நாலு. அந்த நாலில் நானும் ஒருத்தி. என் கணக்கு சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் தீர்மானப் புத்தகம் என்னிடம்தானே இருக்கிறது, என் கையாலேயே எழுதினேன்: மணியம்மை பிஸ்கட் பாக்கெட் ஒன்றுக்குப் பத்துக் கிராம் கூடுதலாகப் போடுவது என்றும், அந்தச் செலவைக் குழுவே ஏற்பது என்றும் தீர்மானிக்கப்பட்டது. கீழே பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். இரண்டு கைநாட்டு.